கூந்தலுக்கு எதை வாங்குவது?

பழந்தமிழ்ப் புலவர்கள் மகளிர் கூந்தலுக்குக் கூறிய உவமைகள் பல. அவற்றுள் மூன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று, கார்மேகம். மற்றொன்று, ஆற்று வெள்ளம் வடிந்தபின் மணலில் வரிவரியாகப் படிந்து கிடக்கும் அறல். இன்னொன்று, மயிலின் தோகை. மேகம் என்றது கூந்தலின் செறிவைக் கருதி. அறல் என்றது அதன் நெளிவைக் கருதி. தோகை என்றது அதன் ஒளியைக் கருதி. இன்று கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் புட்டிகளும் குழாய்களும் நமக்கு வாக்களிப்பவையும் இம்மூன்றேயன்றி வேறில்லை. செறிவு வேண்டுமா, நெளிவு வேண்டுமா, ஒளி வேண்டுமா என்று விளம்பரங்கள் கேட்கின்றன. மூன்றும் வேண்டும் என்பவருக்கு மூன்றையும் ஒரே புட்டியில் தருவதாகவும் சொல்கின்றன.

நேயர்களே, இவ்வாக்குறுதிகளுள் எவை நிறைவேறக் கூடியவை, எவை நிறைவேறாதவை, எவற்றால் தீங்கு நேரலாம் என்பதை அறிந்துகொண்டு கடைக்குப் போவது நன்றன்றோ? அதனைப் பற்றியே சிறிது ஆராய்வோம். இது வெறும் அலங்காரம் பற்றிய பேச்சு என்று ஆடவர் எழுந்து போய்விட வேண்டுவதில்லை. தலைமயிரைப் பற்றிய கவலை அவர்களுக்கும் உண்டு. ஒரு காலத்தில் தியாகராஜ பாகவதரின் தலைமயிரைப் பார்த்து, ‘பாகவதர் கிராப்பு’ என்று பெயரிட்டு, அவ்வாறே வளர்த்துத் திரிந்த இளைஞர் தமிழகத்திலே எண்ணிலர்.

முதலில் மயிர் என்பது யாது என்று அறிதல் வேண்டும். மயிரின் வேர் தோலுக்குள்ளே உயிருடன் இருக்கிறது. தோலுக்கு வெளியே நீண்டு நிற்கும் இழையோ உயிரற்றது. நகத்தைப் போலவே அதுவும் கெரற்றின் என்னும் புரதத்தால் ஆகியது. அதற்கு உணவூட்ட முடியாது. முறிந்தால் அது தானே ஆறுவதும் இல்லை. திங்களொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் அளவே மயிர் வளர்கிறது. ஆகவே அறுபது சென்ரிமீற்றர் நீளமுள்ள பின்னலின் நுனி ஐந்தாண்டு வயதுடையது. ஐந்தாண்டு மழையையும் வெயிலையும் சீப்பையும் சவர்க்காரத்தையும் தாங்கிய பழைய பொருள் அது. வேருக்கு அருகில் உள்ள பகுதியோ நேற்று முளைத்தது. இவ்விரண்டுக்கும் ஒரே பூச்சு பொருந்தாது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஒரு மயிரிழையைக் குறுக்கே வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவிலே புரத நார்கள் கட்டுக் கட்டாக இருப்பதும், அவற்றைச் சுற்றி மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரையோடு வேய்ந்தாற்போல் அமைந்திருப்பதும் தெரியும். செதில்களின் விளிம்புகள் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கும். நீண்ட மயிரொன்றை எடுத்து, வேரிலிருந்து நுனி வரை இரு விரல்களால் உருவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேர் நோக்கி உருவினால் சொரசொரப்பாயிருக்கும். கண்ணாடியோ நுண்காட்டியோ இல்லாமலே வீட்டிற் செய்யத்தக்க சோதனை இது.

கூந்தலின் ஒளி முழுவதும் இச்செதில்களைப் பொறுத்தது. அவை படிந்து கிடந்தால் இழையின் மேற்பரப்பு சமமாகி, விழும் ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். அவை கிளர்ந்தோ உடைந்தோ இருந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறிப்போகும். கூந்தல் மங்கிக் காணும். நேரான மயிர் சுருட்டை மயிரைவிட மினுங்குவதும் இக்காரணம் பற்றியே. சுருட்டை மயிரின் ஒவ்வொரு வளைவும் ஒளியை ஒவ்வொரு திசையில் அனுப்புகிறது. அது அம்மயிரின் இயல்பேயன்றிக் குறையன்று.

ஒளி தரும் பொருள்களுள் முதலிடம் எண்ணெய்க்கு உரியது. எங்கள் ஊரின் பெயர் பொல்பிட்டிய. ‘பொல்’ என்பது சிங்கள மொழியில் தேங்காய். ‘பிட்டிய’ என்பது திடல். தேயிலை மலைகளின் அடிவாரத்தில், மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாக உருப்பெறும் பகுதியில், தேங்காயின் பெயரால் அமைந்த ஊர் இது. தேங்காயெண்ணெய் இங்கே புட்டியில் நீராக இருக்கும். அதே புட்டியை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் வெண்மெழுகாக உறைந்துவிடும். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அவ்வெண்ணெய் உறைவதே காரணம். உறைந்தது கலப்பட எண்ணெய் என்று எண்ணி வீசிவிடுவார் சிலர். அது தவறு. வெந்நீர்ப் பாத்திரத்துள் புட்டியைச் சிறிது நேரம் வைத்தாற் போதும், உருகிவிடும்.

தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆதலால் செதில்களைக் கடந்து இழைக்குள்ளே செல்ல வல்லது. ரெலே, மொகிலே என்னும் இந்திய ஆய்வாளர் இருவர் 2003 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் மயிரில் தனித்தனியே இட்டு, கழுவும்போதும் வாரும்போதும் எவ்வளவு புரதம் இழக்கப்படுகிறது என்று அளந்தனர். இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே. அவ்வாய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனமொன்றைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும் அவர்கள் கூறிய காரணம் வேதியியலுக்கு ஒத்ததே.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க நடைமுறை யாது? நனைந்த மயிர் நீரை உறிஞ்சிப் பருக்கிறது, உலரும்போது சுருங்குகிறது. இவ்வாறு பலமுறை நிகழ, செதில்கள் தளர்கின்றன. தலை முழுகுவதற்கு முன் சிறிது எண்ணெய் தடவினால் உட்புகும் நீரின் அளவு குறைகிறது. எண்ணெய் வைத்து ஊறி முழுகும் நம் முன்னோர் வழக்கம் அறிவுக்கு ஒத்ததே. ஆனால் முழுகியபின் மறுபடியும் எண்ணெயை வழிய வழியப் பூசிக்கொண்டு வெளியே செல்வது வேறு. அது தூசியைப் பிடிக்கும். மயிரை ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செறிவைக் கெடுக்கும். பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயை ஊறவிடுதலும் ஆகாது. பொடுகுக்குக் காரணமான நுண்ணுயிர் எண்ணெயை உண்டே பெருகுவது.

கடைகளில் ‘மூலிகைத் தைலம்’ என்று விற்கப்படும் புட்டிகளைத் திருப்பி, பின்புறத்தில் உள்ள சேர்மானப் பட்டியலை வாசியுங்கள். முறையாக அச்சிட்ட பட்டியலில் அளவில் மிகுந்த பொருளே முதலில் நிற்கும். முன்புறத்திலே செம்பருத்தியும் கற்றாழையும் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் வரையப்பட்டிருக்க, பின்புறத்தில் ‘மினரல் ஒயில்’ அல்லது ‘லிக்விட் பரபின்’ முதலிடம் பெற்றிருக்கக் காணலாம். அது மண்ணெண்ணெய்க்கு உறவான கனிம எண்ணெயைத் தூய்மை செய்தது. அதனால் தீங்கில்லை, மேலே படிந்து மினுக்கமும் தரும். ஆனால் உள்ளே செல்லாது. மூலிகைக்குரிய விலையைக் கொடுத்து அதனை வாங்குவதுதான் வேண்டாத செலவு.

ஐரோப்பியரும் எண்ணெயில் மயங்கியவர்களே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் ரோலண்ட் என்பார் மக்காசர் எண்ணெய் என்ற ஒன்றை விற்கத் தொடங்கினார். ஆடவர் அதனைத் தலையில் அப்பிக்கொண்டு நாற்காலிகளிற் சாய, மெத்தைகள் கறைபட்டன. கறையைத் தடுக்க நாற்காலியின் முதுகில் விரித்த பின்னல் துணிக்கு ‘அன்ரி மக்காசர்’, அதாவது மக்காசர்த் தடுப்பு, என்றே பெயராயிற்று. பின்னர் 1928 இல் பர்மிங்காம் நகரில் தோன்றிய பிரில்கிறீம், எண்ணெயையும் நீரையும் தேன்மெழுகையும் குழைத்துச் செய்யப்பட்டது. நம் நாட்டில் எத்தனையோ பாட்டனார்களின் பழைய நிழற்படங்களில் மின்னுவது அப்பூச்சே.

எண்ணெய்க்கு அடுத்து, அதனைக் கழுவும் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீயக்காயிலும், உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்பிலும் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் உண்டு. அது அழுக்கையும் மிகுந்த எண்ணெயையும் அகற்றும், ஆயினும் கடுமையற்றது. சீயக்காய்ச் சாறு சற்றே அமிலத் தன்மை வாய்ந்தது. மயிருக்கு அது உகந்தது. அமிலத்தில் செதில்கள் படிகின்றன, காரத்தில் கிளர்கின்றன. உடம்புக்கும் உடுப்புக்கும் போடும் சவர்க்காரம் காரத்தன்மை உடையது. அதனைத் தலைக்குப் போட்டால் மயிர் சொரசொரப்பாகிச் சிக்கு விழுகிறது.

இடத்துக்கு இடம் நீரும் வேறுபடும் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல். அங்குள்ள கிணற்று நீர் வன்னீர். அந்நீரில் சவர்க்காரம் நுரைக்க மறுத்து, மயிரின்மேல் வெண்படலமாகப் படியும். மலைநாட்டு ஓடை நீரும் பீலி நீரும் பெரும்பாலும் மென்னீர். ஆகையால் எங்கள் பக்கத்தில் சிறிதளவு ஷாம்புவே நன்றாக நுரைக்கும். அதிகம் இட்டால் நீரும் வீண், பொருளும் வீண். தலை முழுகி முடிந்தபின் ஒரு செம்பு நீரில் சில துளி தேசிக்காய்ச் சாறு கலந்து ஊற்றி, உடனே நல்ல நீரால் அலசிவிட்டால் கிளர்ந்த செதில்கள் ஓரளவு படியும். சாற்றைக் கழுவாமல் வெயிலிற் செல்லலாகாது. தோல் வெந்து கறுக்கும்.

ஷாம்பு என்னும் சொல்லே நம் பக்கத்திலிருந்து மேற்கே போய்த் திரும்பி வந்த சொல். பாட்னாவிற் பிறந்த ஷேக் தீன் மகமது என்பவர் 1814 இல் இங்கிலாந்தின் பிரைற்றன் நகரில் நீராவிக் குளியல் நிலையம் ஒன்றை அமைத்தார். உடம்பைப் பிடித்து அமுக்கிவிடும் மருத்துவத்தை இந்திச் சொல்லால் ‘சாம்போ’ என்றார். மன்னர் நான்காம் ஜோர்ஜும் அவரை நாடினார். அமுக்குதல் என்ற பொருள் நாளடைவில் தேய்ந்து, தலை கழுவுதல் என்ற பொருள் நிலைத்தது.

அந்த ஷாம்பு நெடுங்காலம் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. அதனை ஏழையின் கைக்குக் கொண்டுவந்தவர்களுள் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்ற தமிழர் குறிப்பிடத்தக்கவர். ஒரு முறைக்கு வேண்டிய அளவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கும் முறைக்கு வழி காட்டியவர்களுள் அவர் ஒருவர். அவருடைய மகன் ரங்கநாதன் 1983 இல் பதினையாயிரம் இந்திய ரூபாய் முதலுடன் ‘சிக்’ ஷாம்புத் தொழிலைத் தொடங்கினார். தந்தையார் பெயரின் எழுத்துகளைக் கொண்டே அதற்குப் பெயரிட்டார். நாட்கூலி பெறுபவரும் வாங்கும்படி சில்லறைக் காசுக்கு ஷாம்பு கிடைத்தது. அது நன்மையே. ஆனால் பொட்டலத்தின் தாள் அழியாதது. தோட்டங்களில் பீலியடியிலும் ஓடைக்கரையிலும் அத்தாள்கள் குவிந்ததைக் கண்டவர்கள் நாம். இருபது மில்லிலீற்றரும் அதற்குக் குறைவுமான பொட்டலங்களுக்கு, உணவும் மருந்தும் நீங்கலாக, இலங்கையில் 2021 மார்ச்சு 31 முதல் தடை விதிக்கப்பட்டது.

இனிச் செறிவைப் பற்றிக் காண்போம். தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உண்டு. எத்தனை வேர்கள் உள்ளன, ஒவ்வோர் இழையும் எவ்வளவு பருமன் என்பவை பெரும்பாலும் பிறப்பால் அமைவன. புட்டியிலுள்ள எதுவும் வேரின் தொகையைக் கூட்டுவதில்லை. பின் ‘செறிவு தரும்’ என்ற பொருள்கள் செய்வதென்ன? மயிரின்மேல் மெல்லிய பசைப் படலத்தை ஏற்றி, இழைகள் ஒன்றையொன்று தாங்கி எழுந்து நிற்கச் செய்கின்றன. நுரை வடிவிலும் தெளிப்பு வடிவிலும் பாகு வடிவிலும் விற்கப்படுவன எல்லாம் இத்தகையனவே. தொடக்க காலத்துத் தெளிப்புப் பொருள்களில் நாம் நன்கறிந்த அரக்கே பசையாகச் சேர்க்கப்பட்டது. 1950களில் அதன் இடத்தைச் செயற்கைப் பசைகள் பிடித்துக்கொண்டன.

இப்பசைகளுட் பல ஈரத்தை இழுப்பன. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடங்கள் எங்கள் மேற்குச் சரிவில் உண்டு. அத்தகைய ஊரில் காலையில் எழுப்பி நிறுத்திய கூந்தல் நண்பகலில் பிசுபிசுத்துப் படுத்துவிடுவதில் வியப்பில்லை. உலர்ந்த நாட்டில் ஆக்கி, உலர்ந்த நாட்டவர் புகழ்ந்த சரக்கு மழைநாட்டுக்குப் பொருந்தாது. பொருளைக் குறை கூறுவதற்கு முன் ஊரின் வானத்தையும் பார்க்க வேண்டும்.

ஒளிக்கும் செறிவுக்கும் ஒரு பகையும் உண்டு. எண்ணெயும், முழுகியபின் தடவும் மென்மைக் குழம்பும் இழையின்மேற் படிந்து மினுக்கம் தருகின்றன. ஆனால் அதே வேளையில் பாரத்தை ஏற்றிக் கூந்தலைத் தலையோடு படியவைக்கின்றன. மெல்லிய மயிர் உடையவர் இவ்விரண்டையும் ஒரே இடத்திற் பெற இயலாது. ஆனால் வெவ்வேறு இடத்திற் பெறலாம். மென்மைக் குழம்பை வேரிற் படாமல், வயதான நுனிப் பாதியில் மட்டும் தடவுக. வேர்ப்பகுதியை நன்றாகக் கழுவி, பாரமின்றி விடுக. வேரில் செறிவும் நுனியில் ஒளியும் அமையும். இதற்குத் தனிப் புட்டி வேண்டுவதில்லை. சேர்மானப் பட்டியலில் ‘டைமெதிகோன்’ என்ற சொல் முன்வரிசையில் இருந்தால் அது ஒளிப்பொருள். மெல்லிய மயிருக்கு அளவோடு வேண்டும்.

பண்டைத் தமிழ் மகளிரும் இப்பகையை உணர்ந்தவர் போலும். அவர்கள் நெய் பூசினர். தகரம் முதலிய நறுமணச் சாந்து தடவினர். முழுகியபின் ஈரம் புலர அகிற்புகை ஊட்டினர். நெய் ஒளிக்கு, சாந்து படிவுக்கு, புகையின் வெதுவெதுப்பில் உலர்ந்து விரிந்த கூந்தல் செறிவுக்கு. அதனை முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகையாக முடித்தமையால் கூந்தலுக்கு ‘ஐம்பால்’ என்றே பெயர் வழங்கிற்று. கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ இல்லையோ என்று பாண்டியன் அவையில் இறைவனும் நக்கீரரும் வாதிட்டதாகத் திருவிளையாடற் கதை கூறும். கூந்தலின் நலம் இயற்கையில் எவ்வளவு, பூசிய பொருளில் எவ்வளவு என்ற வினா நமக்குப் புதியதன்று.

மூன்றாவது நெளிவு. இங்கேதான் நாம் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். மயிரின் புரத நார்களைப் பிணைப்பவை இருவகைப் பிணைப்புகள். ஒருவகை நீரால் அவிழ்வது. நனைத்துப் பின்னி உலரவிட்டால் அலை அலையாக நெளிவு விழுவதும், அடுத்த மழையில் அது மறைவதும் இதனாலேயே. சூடான இரும்பால் நேராக்குவதும் இவ்வகையே. பாரிசு நகரத்து மார்செல் கிராத்தோ 1872 இல் புகுத்திய சூட்டுக்கோல் உலகெங்கும் பரவியது. இரண்டாம் வகை, கந்தக அணுக்களால் அமைந்த உறுதியான பிணைப்பு. அது நீருக்கு அவிழாது. கடுமையான இரசாயனத்துக்கே உடையும். இலண்டனில் 1906 இல் கார்ல் நெஸ்லர் நிலையான அலைக் கூந்தல் முறையைக் காட்டியது முதல், அழகு நிலையங்களில் ‘நிரந்தரம்’ என்ற பெயரிற் செய்யப்படுவன பெரும்பாலும் இப்பிணைப்பை உடைத்து, வேறு வடிவிற் பிணைப்பனவே. உடைத்ததை முழுமையாகப் பிணைக்க எவராலும் இயலாது. ஒவ்வொரு முறையும் இழை ஓரளவு வலுவிழக்கும்.

எமது பாடசாலையில் பதினோராந் தரத்திற் பயின்ற மாணவி ஒருத்திக்குப் பிறப்பிலே அழகிய சுருட்டை மயிர். வகுப்பில் சிலர் அதனைக் கேலி செய்தார்கள். உறவினர் திருமணமொன்றை முன்னிட்டு, தாயார் சேர்த்து வைத்திருந்த கைக்காசை வாங்கிக்கொண்டு, பட்டணத்துக் கடையொன்றில் பெயரோ திகதியோ சரியாக அச்சிடப்படாத நேராக்கும் குழம்பை வாங்கித் தலையில் இட்டாள். குறித்த நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். தலைத்தோல் வெந்தது. சில நாளில் மயிர் கைப்பிடி கைப்பிடியாக முறிந்தது. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் அப்பிள்ளை பாடசாலைக்கு வர மறுத்தாள். ஆசிரியை ஒருவர் லயத்துக்குச் சென்று, தலையில் துணி கட்டிக்கொண்டு வரலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லார் என்று உறுதி கூறிய பின்பே அவள் திரும்பி வந்தாள். அவள் பரீட்சையில் தேறினாள். மயிரும் ஈராண்டில் முன்போலச் சுருண்டு வளர்ந்தது. ஆனால் கேலி செய்த பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்த வேண்டியிருந்த பாடம் விஞ்ஞானப் பாடமன்று.

நேராக்கும் பொருள்கள் சிலவற்றைச் சூடாக்கும்போது பார்மல்டிகைட்டு என்னும் வாயு வெளிப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ‘பார்மலின்’, ‘மெத்திலீன் கிளைக்கோல்’ என்ற பெயர்களிலும் அது மறைந்திருக்கும். கண்ணெரிவும் தொண்டைக் கரகரப்பும் அதன் அறிகுறிகள். பார்மல்டிகைட்டு இல்லை என்று விளம்பரப்படுத்தப்பட்டவையும் எல்லாம் தீங்கற்றவை அல்ல. கிளையொக்சிலிக் அமிலம் சேர்ந்த குழம்பால் மூன்று முறை கூந்தலை நேராக்கிய இளம்பெண் ஒருத்திக்கு, ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பழுதுற்றதாக அமெரிக்க மருத்துவ இதழொன்று 2024 இல் அறிவித்தது. கடைக்கும் கண்ணாடிக்கும் இடையில் இத்தகைய ஆபத்து இருக்கிறது என்பது நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டும்.

சுருட்டை மயிரை உடையவர்கள் அதனை எதிர்த்துப் போராடாமல் அதனோடு ஒத்துப்போவதே எளிது, மலிவு, நலம். உலர்ந்த நிலையில் வாரினால் அது பறந்து விரியும். ஈரமாயிருக்கும்போது அகன்ற பல் சீப்பினால் நுனியிலிருந்து தொடங்கிச் சிக்கெடுத்து, உள்ளங்கையிற் சில துளி எண்ணெயைத் தேய்த்து, சுருளைக் கசக்கி உலரவிடுக. துவாயால் முறுக்கிப் பிழிதல் வேண்டாம். பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுத்தாற் போதும். செம்பருத்தி இலையைக் கசக்கிய வழுவழுப்பும், ஊறவைத்து அரைத்த வெந்தயமும் இழைக்கு மேல் மென்படலமாகப் படிந்து, கடைக் குழம்பு செய்யும் வேலையை ஓரளவு செய்யும். ஆனால் அவை மயிரை முளைக்கச் செய்யும் என்று எண்ணுதல் வேண்டாம்.

மலைநாட்டுப் பெண்களுக்கு மட்டும் உரிய சில செய்திகளும் உண்டு. கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அழுத்தி உராய்கிறது. நாள் முழுவதும் ஒரே இடத்தில் உராயும்போது செதில்கள் தேய்ந்து மயிர் முறியும். இறுகப் பின்னியிருந்தால் வேரும் இழுபட்டுத் தளரும். கயிற்றுக்குக் கீழே மடித்த மென்துணி வைப்பதும், வேலைக்குப் போகும்போது பின்னலைச் சற்றுத் தளர்த்தி முடிப்பதும் எந்தப் புட்டியையும்விடப் பயன் தரும். காலை நனைந்த தலையோடு இறுக முடிந்து, கொங்காணியால் மூடி, மாலை வரை ஈரம் புலராமல் வைத்திருப்பதும் நன்றன்று.

நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் உதிர்வது இயல்பு. அதற்கு மேல் உதிர்ந்தால் கடையை நாடுவதற்கு முன் காரணத்தை நாட வேண்டும். கடுங்காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பின் இரண்டு மூன்று மாதங் கழித்து மயிர் கொட்டுவதுண்டு. அது பெரும்பாலும் தானே சீராகும். இரத்தச்சோகையாலும், கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாற்றாலும் கொட்டுவதுண்டு. அதற்கு மருத்துவம் வேண்டும். உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வது குறைகிறது. தேயிலை விளையும் நாட்டில் இதனைச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். தேநீரை விடச் சொல்லவில்லை. உணவுக்கும் அதற்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள் என்பதே வேண்டுகோள். கீரை, பருப்பு, நெத்தலி, முட்டை ஆகியவற்றுக்குச் செலவிடும் பணம் மயிரின் வேருக்குச் சேரும். பளபளப்புப் புட்டிக்குச் செலவிடும் பணம் உயிரற்ற இழையின் மேலேயே நின்றுவிடும்.

இனி, கடைக்குச் செல்பவர் மனத்திற் கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். முதலாவது, உமது மயிர் மெல்லியதா தடித்ததா, நேரானதா சுருண்டதா, தலைத்தோல் எண்ணெய்ப் பசை உள்ளதா வறண்டதா என்று அறிந்துகொள்க. இரண்டாவது, ஒளி, செறிவு, நெளிவு ஆகிய மூன்றில் உமக்கு உண்மையிலேயே குறைவது எது என்று ஒன்றை மட்டும் தெரிந்துகொள்க. மூன்றாவது, புட்டியின் முன்புறப் படத்தை விடுத்துப் பின்புறப் பட்டியலை வாசிக்க. ஆங்கிலத்தில் இருந்தால் பாடசாலைப் பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் செய்க. பிள்ளைக்கும் அது நல்ல பயிற்சி. நான்காவது, ஆக்கியவர் பெயர், முடிவுத் திகதி, விலை ஆகியவை அச்சிடப்படாத பொருளைத் தொடாதீர்கள். 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடும் உரிமை தோட்டத்துத் தொழிலாளிக்கும் உண்டு. ஐந்தாவது, புதிய பொருள் எதுவாயினும் முதலில் முன்கையின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்த பின்பே தலைக்கு இடுக.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வெளிவரப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அது 2021 இல் நிகழ்ந்தது. அவ்வாறு பெற்ற சம்பளத்தில் ஒரு நாளின் உழைப்பை ஒரு சிறு புட்டி விழுங்கிவிடக் கூடும். அழகை விரும்புதல் குற்றமன்று. உழைத்துக் களைத்த பெண் தன் கூந்தலை வாரி, பூ வைத்து, கண்ணாடியிற் பார்த்து மகிழ்வது அவளுக்கு உரிய இன்பம். அவ்வின்பத்தை விற்பவர்கள் முதலில் நம் மயிரைப் பற்றி நமக்கு ஒரு வெட்கத்தை உண்டாக்கி, பின்பு அதற்கு மருந்து என்று ஒன்றை நீட்டும்போது, அந்த வெட்கத்தை வாங்க மறுக்கும் துணிவு நமக்கு வேண்டும். அத்துணிவோடு பட்டியலை வாசிக்கும் பழக்கமும் சேர்ந்தால், வாங்க வேண்டியதைக் குறைந்த செலவில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம்.